ஒழுங்கைக்கு எந்த மரம்? அயலாரோடு சேர்ந்து தெரிவு செய்து நடும் முறை

ஒரு ஒழுங்கைக்குள் போய் "இங்க என்ன மரம் நடலாம்?" என்று கேட்டால் பதிலுக்குப் பஞ்சமிருக்காது. கொழும்பு வெள்ளவத்தையில் வேம்பு என்பார்கள், மா என்பார்கள். பூக்கிற மரம்தான் வேண்டும் என்பவர்கள் ரொபரோசியாவையும் மயில்கொன்றையையும் கேட்பார்கள். யாராவது ஒருவர் தென்னையைச் சொல்லாமல் விடமாட்டார். ஆசைகளில் பிழையில்லை. ஆனால் இவற்றில் பாதி அந்த நடைபாதையில் நிற்காது. நின்றாலும் கம்பியில் முட்டும். ஐந்தாறு வருடத்தில் கொப்பு வெட்டுகிறவர்கள் வந்து நடுவால் தறித்துவிட்டுப் போவார்கள். சனத்திடம் கேட்டுவிட்டுப் பிறகு மறுப்பது, கேட்காமலே விடுவதைவிட மோசம். அடுத்த முறை கதவு திறக்காது. ஆகவே முதலில் இடத்தை அளக்க வேண்டும். அந்த இடம் தாங்கக்கூடிய நாலைந்து மரங்களை மட்டும் அயலார் முன் வைத்து, அட்டையில் வாக்கெடுக்க வேண்டும்.

இடத்தை அளத்தல்

30 மீற்றர் நாடா, சோக்கட்டி, அலவாங்கு, மண்வெட்டி, இரண்டு வாளி போதும். ஒழுங்கையின் இரு பக்கத்தையும் தனித்தனித் தாளில் வரைந்து கெற், மின்கம்பம், தண்ணீர் மீற்றர்ப் பெட்டி, கான் மூடி, தொலைபேசிக் கம்பம் எல்லாவற்றையும் குறிக்கவும். நடக்கிறவருக்கும் சக்கர நாற்காலிக்கும் 4 அடி வெட்டவெளியாக இருக்க வேண்டும்; குழிக்குக் குறைந்தது 3 அடி. 7 அடிக்குக் குறைந்த நடைபாதையில் மரத்துக்கு இடமில்லை என்றுதான் எடுக்க வேண்டும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் பல ஒழுங்கைகளில் நடைபாதையே 3 அடிதான். அங்கே இருப்பது இரண்டு வழி: மதிலுக்கு உள்ளே வீட்டுக்காரரின் சம்மதத்தோடு நட்டு நிழலை வெளியே விழவிடுவது, அல்லது வாகனம் நிறுத்தும் ஓரத்தில் ஒரு இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வது. இரண்டாவதைக் கேட்டதும் முகங்கள் மாறும். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

நாங்கள் வைக்கும் இடைவெளிகள்: சந்தியிலிருந்து 30 அடி, தெருவிளக்குக் கம்பத்திலிருந்து 15 அடி, கெற் ஓரத்திலிருந்து 6 அடி, தண்ணீர்க் குழாயிலிருந்து 4 அடி. மின்கம்பி போகும் பக்கத்தில் 15 அடிக்கு மேல் வளராத மரம் மட்டும்; உயர்ந்த மரங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பின்னால் வரும் வெட்டுகளில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும்.

அடுத்தது நீர் வடியும் சோதனை. இரண்டு அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, நிறைய நீர் ஊற்றி வற்றவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அடிமட்டத்தால் அளக்கவும். ஒரு அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் வேர் அழுகும் இடம். கடலோர மணலில் ஊற்றிய நீர் கண்முன்னே மறையும். அங்கே பிரச்சினை தாகம். கால்வாய்க் கரைகளை அண்டிய பகுதிகள் பெரும்பாலும் சதுப்பை நிரப்பி எடுத்தவை. அலவாங்கு போட்டால் செங்கல் உடைசலும் பொலித்தீனும் வரும், அதற்குக் கீழே தண்ணீர் நிற்கும். ஒரே மரம் இந்த இரண்டு நிலத்துக்கும் பொருந்தாது என்பதை அயலாருக்குச் சொல்லிப் புரியவைக்க, அந்தக் குழியையே காட்டுவது எந்த விளக்கத்தையும்விடச் சுலபம். சோதனையை மாலை 5 மணிக்கு வைத்தால் பார்க்க ஆட்கள் தாங்களாகவே வருவார்கள்.

அனுமதி இந்தக் கட்டத்திலேயே வேண்டும். உள் ஒழுங்கைகள் பொதுவாக மாநகர சபைக்கு உரியவை. காலி வீதி போன்ற ஏ தர வீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. வரைபடத்தோடு கடிதம் கொடுத்து, தண்ணீர், மின்சாரம், தொலைபேசி மூன்று தரப்புக்கும் பிரதி அனுப்பி, நிலத்தடிக் குழாய் போகும் பக்கத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். வாக்கெடுப்பு முடிந்த பிறகு குழிக்குள் கேபிள் வந்தால் திரும்ப எல்லா வீட்டுக்கும் ஏற வேண்டிவரும்.

குறும்பட்டியல்

மகிழம். நடைபாதைக்கு எங்கள் முதல் தெரிவு. ஆண்டு முழுதும் பச்சை, அடர்ந்த வட்டத் தலை, வேர் அவ்வளவாகக் கல்லைக் கிளப்பாது, கடற்காற்றையும் ஓரளவு தாங்கும். ஆனால் மெதுவாகத்தான் வளரும். மூன்று வருடமாகியும் நிழலைக் காணோமே என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். வாக்கு அட்டையிலேயே இதை எழுதிவிட வேண்டும்.

பூமருது, சிங்களத்தில் முருத்த. ஊதாப் பூ. ஈர நிலத்தைப் பொறுக்கும், கொப்பு உறுதியானது. நிரப்பிய நிலத்தில் பூ வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் விடை. உயரம் போகும், கம்பிப் பக்கம் ஆகாது.

புங்கை வேகமாக நிழல் தரும், உப்பையும் தாங்கும். பூக்கும் காலத்தில் நிலமெல்லாம் பொரி கொட்டினதுபோல் கிடக்கும். அது சிலருக்கு அழகு, தினமும் கூட்டுகிறவருக்கு வேலை. இலையில் கொப்புளம் போட்டு நோய்போலத் தெரியும். மரத்துக்குப் பெரிய கேடில்லை.

பூவரசு கடலோர மெரைன் டிரைவ் பக்கத்துக்கு. உப்புக்காற்றை நேருக்கு நேர் வாங்கும். கதியால்போல் கொப்பை வெட்டி ஊன்றினாலே முளைக்கும் என்பதால் ஆட்கள் தாங்களே கொண்டுவந்து தர முன்வருவார்கள். அதை ஏற்க வேண்டாம். தடித்த கொப்பிலிருந்து வளர்ந்த மரத்தின் வேர், விதைக்கன்றின் வேரைப்போல் நிலத்தைப் பிடிக்காது. வேலிக்குப் பரவாயில்லை, வாகனம் போகும் தெருவுக்குச் சரிவராது. காய் விழும் காலத்தில் அடியில் சிவப்புப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கும். அவை விதைச் சாற்றைக் குடிப்பவை, கடிக்காது. முன்கூட்டியே சொல்லாவிட்டால் யாராவது மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், செத்துப்போவது கன்றுதான்.

கொன்றை, சிங்களத்தில் எஹெல, நன்றாக வடியும் இடத்தில் மட்டும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு சில வேளை மரத்தையே மொட்டையாக்கும். சில வாரத்தில் மறுபடி துளிர்க்கும். கம்பிக்குக் கீழே என்றால் வெள்ளை மந்தாரையும் பவளமல்லிகையும். புன்னையைப் பரந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும். உருண்டைக் காய்களை வௌவால் கொறித்துப் போடும், மிதித்தவர் வழுக்குவார்.

வேம்பைக் கேட்பவர்களுக்கு நேரான பதில்: கடலோர மணலில், வெயில் நன்றாக விழும் இடத்தில் ஒன்றிரண்டு நடலாம். நீர் தேங்கும் களியில் வராது. அது உலர்வலயத்து மரம். நாகமரம் 1986 முதல் தேசிய மரம் என்பதால் எல்லாக் கூட்டத்திலும் பேர் அடிபடும். இளங்கன்று சூடான கொங்கிறீட்டின் நடுவே கருகும், முற்றத்து நிழலில் நன்றாக வரும். மதிலுக்கு உள்ளே நட இடம் கொடுக்கும் வீட்டுக்கு அதைக் கொடுங்கள்.

பட்டியலில் சேர்க்கவே கூடாதவை: மயில்கொன்றை, அதன் மேல்வேர் நடைபாதையைக் கிளப்பும், காற்றில் சாயும். தென்னை, காரணம் சொல்லத் தேவையில்லை. மா, கல்லெறியும் உடைந்த கண்ணாடியும். பலாவும் ஈரப்பலாவும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பின்னால் அகற்ற வேண்டிவந்தால் அனுமதிப் பத்திரம் வேண்டும். அரசு, ஆல் இரண்டும் தெருவோரத்துக்கு வேண்டாம். அரசங்கன்று ஊன்றிவிட்டால் அதில் எவரும் கைவைக்கமாட்டார், மதில் வெடித்தாலும். யாராவது பக்தியோடு கன்று கொண்டுவந்தால் விகாரைக்கோ கோயில் வளவுக்கோ கொண்டுபோய்க் கொடுக்க உதவுவதுதான் மரியாதையான வழி.

யாரைக் கேட்பது

வழக்கமான பிழை, வீட்டுச் சொந்தக்காரரை மட்டும் கேட்பது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பலருக்கு வீடு இங்கே, ஆள் கனடாவிலோ லண்டனிலோ. அவர்கள் வட்ஸ்அப்பில் உடனே வாக்களிப்பார்கள், ஆர்வமாகவும் இருப்பார்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப்போவது வாச்சர். அடியில் விழும் இலையைக் கூட்டப்போவது மாநகர சபைத் தொழிலாளியும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும். நாள் முழுக்க அதன் நிழலில் நிற்கப்போவது ஓட்டோத் தரிப்பிடத்து அண்ணமார். கன்றின் உயிர் இவர்கள் கையில். எனவே நாங்கள் பட்டியலை இரண்டாகப் பிரிக்கிறோம்: குழி வரும் முகப்பில் குடியிருப்பவர், அந்த இடத்தில் வேலை செய்பவர். இரு சாராருக்கும் ஒரே அட்டை, ஒரே பெறுமதி. குழிக்கு இரு மருங்கிலும் உள்ள இரண்டு வீடுகளுக்கு மட்டும் வாக்கு இரட்டிப்பு.

வீடு வீடாகப் போவதற்கு ஞாயிறு மாலை நல்லது. வெள்ளி நண்பகலும் போயா தினமும் வேண்டாம். ஆடிவேல் நாட்களில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் யாரையும் பிடிக்க முடியாது. அட்டை மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். மரத்தின் பேரைத் தமிழிலும் சிங்களத்திலும் போட்டுப் படமும் ஒட்டவும். "அசோகா" என்று மட்டும் எழுதினால் பாதிப்பேர் ஒல்லியாக நெட்டென நிற்கும் நெட்டிலிங்கத்தை நினைத்து வாக்களிப்பார்கள், வந்திறங்குவது வேறொன்று.

படத்தைவிடப் பை உதவும். ஒரு துணிப்பையில் ஒவ்வொரு மரத்தின் கொப்பு, பூ, காய் போட்டுக்கொண்டு போகவும். புன்னைக்காயைக் கையில் உருட்டிப் பார்த்தவர் "ஐயோ, இது கார்மேல விழுமே" என்று தானே சொல்லிவிடுவார். வளர்ந்த மரத்தைப் பார்க்க விரும்புகிறவர்களை விகாரமகாதேவிப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம்.

அட்டையில் நாங்கள் வைக்கும் வரிகள் இவ்வளவுதான். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம். "வேண்டவே வேண்டாம்", அதற்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு வரி. "கிழமைக்கு இரண்டு வாளி தண்ணீர் நான் ஊற்றுவேன்", ஆம் அல்லது இல்லை. கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஆம் என்று ஒருவர்கூட எழுதாத முகப்பில் அந்த வருடம் குழி வெட்டுவதில்லை.

மறுப்புகள்

முதற் கேள்வி எப்போதும் "விழுந்தா?" என்பதுதான். 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மீது மரம் விழுந்து ஐவர் இறந்ததைக் கொழும்பில் எவரும் மறக்கவில்லை. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். மரங்கள் சாய்வதற்குப் பொதுவான காரணங்கள் உண்டு: கானுக்கும் குழாய்க்கும் ஒரு பக்க வேரை வெட்டியது, தண்டுக்கு நெருக்கமாகச் சீமெந்து பூசியது, தறித்த இடத்தில் நீர் இறங்கி உள்ளே உக்கியது, தொடர் மழையில் மண் ஊறியது. சிறிய இடத்தில் பெரிய மரத்தை வைப்பதால்தான் இவற்றில் பெரும்பாலானவை ஆரம்பிக்கின்றன. முன்பு எடுத்த அளவுத்தாளை அப்போது எடுத்துக் காட்டலாம்.

அடுத்தது கூரைப் பீலி. "எங்கட பீலிக்குள்ள இலை விழுந்தா பீஎச்ஐ வந்து எங்களுக்குத்தான் எழுதுவார்" என்று ஒரு அன்ரி கெற்றடியில் நின்று சொன்னால் அது சாட்டு அல்ல. டெங்கு நுளம்பு அடைத்த பீலித் தண்ணீரில் முட்டையிடும், பீஎச்ஐ என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பது வீட்டுக்காரரைத்தான். பீலிக்குக் கிட்டப் போகும் குழிகளில் சிற்றிலை உதிரும் மரங்களைத் தவிர்த்து மகிழத்தை வைக்கிறோம். தலை கூரைக்கு 6 அடிக்கு வெளியே நிற்கும்படி குழியை நகர்த்துகிறோம். அதற்கும் சம்மதமில்லையென்றால் அந்தக் குழியை விட்டுவிடுவது நல்லது. பலவந்தமாக நட்ட கன்றுக்கு இரவில் வெந்நீர் விழும்.

வாசலுக்கு நேரே மரம் கூடாது என்று வாஸ்து பார்ப்பவர்களோடு வாதாடுவது வீண். குழியை 5 அடி பக்கவாட்டில் தள்ளுங்கள்; செலவு சோக்குக் கோடு ஒன்று அழிப்பது மட்டும். கெற் ஓரத்து 6 அடி விதிக்கும் அது ஒத்துப்போகும். கடைக்காரரின் கவலை பெயர்ப்பலகை. கீழ்க்கொப்புகளை 8 அடிவரை படிப்படியாக நீக்குவோம் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

எண்ணும்போது

அடுத்த வீட்டின் "வேண்டவே வேண்டாம்" அந்த இன மரத்தைத் தடுக்கும். மரமே வேண்டாம் என்பதை அது தீர்மானிக்காது. அதற்குத் தனியாகப் பேச வேண்டும். 12 குழியுள்ள ஒழுங்கையில் அதிக வாக்குப் பெற்ற மரத்துக்கு 6 குழிக்கு மேல் கொடுப்பதில்லை, மீதி இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு. ஒரு இனம் 10 வீதம், ஒரு பேரினம் 20, ஒரு குடும்பம் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்ற பரவலான விதி நகரம் முழுவதற்குமானது. ஒரு ஒழுங்கைக்கு அதைப் போட்டால் கண்காட்சிபோல் ஆகிவிடும். அதற்குப் பதில் பக்கத்து ஒழுங்கையில் என்ன நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். முடிவை மூன்று மொழியில் ஒரு தாளில் எழுதி, குழி இலக்கம், மரம், நீர் ஊற்றுபவரின் வீட்டு இலக்கம் மூன்றையும் போட்டுச் சந்திக் கடையில் ஒட்டவும்.

நடுகை

ஒக்டோபர் இடைப்பருவ மழையோடு நடுவதே கொழும்புக்கு வசதி. மே மழையும் போதுமானதுதான், ஆனால் அதோடு தென்மேல் காற்று செப்டெம்பர்வரை உப்பைக் கொண்டுவந்து கடற்பக்க இளங்கன்றுகளைத் தீய்க்கும். ஒக்டோபரில் நட்டால் காற்று வருமுன் வேர் பிடிக்க ஆறு மாதத்துக்கு மேல் கிடைக்கும். பின்னோக்கி எண்ணினால் நேர்சரிக்கு ஜூலையில் சொல்ல வேண்டும், அட்டை ஜூனில், அளவெடுப்பு ஏப்ரல் மேயில்.

6 முதல் 8 அடிக் கன்று, தண்டு கட்டைவிரல் தடிப்பு, நுனி முறியாதது. பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சொல்லிவைக்கவும். நேர்சரியில் பையின் மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி முதல் வேர் எங்கே பிரிகிறது என்று பார்க்கவும். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் வேறு கன்று கேட்கவும். லொறியில் வந்திறங்கும்போது ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிடுவது கட்டாயம். "அது இல்லை, இதுவும் நல்ல சாதிதான்" என்று வேறொன்றைத் தருவது சாதாரணம். அதை அன்றைக்கே திருப்பி அனுப்பாவிட்டால் சனம் போட்ட வாக்குக்கு அர்த்தமில்லை.

குழி 3 அடிக்கு 3 அடி. ஆழம் வேர்க்கட்டியின் ஆழம் மட்டும். ஆழமாகத் தோண்டி நிரப்பினால் கன்று பிறகு இறங்கும். பக்கங்களை அலவாங்கால் குத்தி இளக்கவும். தோண்டிய மண் மூன்று பங்குக்குக் கூட்டெரு ஒரு பங்கு. உடைசல் மண்ணானால் அள்ளி எறிந்துவிட்டுப் புது மண் போடவும். பொலித்தீனை முழுதாக வெட்டி எடுக்க வேண்டும், அடியில் ஒரு துண்டும் மிஞ்சக்கூடாது. சின்னதாகச் சுற்றிய வேரை மூன்று நாலு இடத்தில் நெடுக்காகக் கீறவும். வேர் பிரியும் கழுத்து நிலமட்டத்தில், ஈர நிலத்தில் ஒரு அங்குலம் மேலே. இரண்டு தடி, வேர்க்கட்டிக்கு வெளியே. சைக்கிள் ரியூப் பட்டியால் எட்டுப்போல் தளர்வாக, 3 அடி உயரத்தில் கட்டவும். தண்டு கொஞ்சம் அசைந்தால்தான் தடிக்கும். தும்புத்துண்டோ சருகோ 3 அங்குலத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு கையகலம் விடவும். அன்றைக்கே இரண்டு வாளி நீர்.

பிறகு கெடுவது எங்கே

ஜனவரி முதல் மார்ச்வரைதான் கன்றுகள் அதிகம் சாகின்றன. மழை நின்ற கிழமையிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் 20 லீற்றர், கடலோர மணலில் மூன்று தரம். தினமும் ஒரு கோப்பை தெளிப்பது வேரை மேலே இழுக்கும்.

தண்ணீர் ஊற்றியும் கன்று வாடினால் அடியை முகர்ந்து பார்க்கவும். தேநீர்க் கடை வெந்நீர், நிலம் கழுவிய சவர்க்காரத் தண்ணீர், பக்கத்துக் கட்டட வேலையின் சீமெந்துக் கழுவல் மூன்றில் ஒன்றாக இருக்கும். குப்பை எடுக்கும் நாளில் பைகளை அடுக்க எல்லாருக்கும் குழிதான் வசதி. பக்கத்தில் ஒரு இடத்தைக் கோடு போட்டுக் காட்டினால் கொஞ்சம் குறையும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலோன் நூல் தண்டைச் சுற்றிப் பட்டையைச் சீவிவிட்டால் கன்று தப்பாது. நீளவாக்கில் பிளந்த பீவீசீக் குழாய்த் துண்டு ஒன்றை அடியில் தளர்வாகப் போர்த்தி வைக்கவும். தடியையும் ரியூப் பட்டியையும் ஒரு வருடத்தில் கழற்ற வேண்டும். மறந்த பட்டி தண்டுக்குள் புதைந்து, அந்த இடத்தில் மரம் பிறகு முறியும்.

செத்த கன்றுக்குப் பதிலாக அடுத்த ஒக்டோபரில் நடும்போது மறுபடி வாக்கெடுப்பு வேண்டியதில்லை. அந்த முகப்பு அட்டைகளில் இரண்டாம் விருப்பம் எழுதியிருக்கும். அதனால் அட்டைகளைக் குழி இலக்க ஒழுங்கில் கட்டி, இரண்டு வருடத்துக்காவது வைத்திருக்கவும். நட்ட அதே இடத்தில் இரண்டாவது கன்றும் செத்தால் மரத்தை மாற்றுவதில் பயனில்லை. திரும்பவும் இரண்டு அடி தோண்டி நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்.